இரண்டு படலைகளுக்கு நடுவே நின்ற சைக்கிள்

கடலுக்கும் களப்புக்கும் இடையே ஒரு நீண்ட மணல்திட்டு கிடக்கிறது. போரின் கடைசி நாட்களில் வன்னிச் சனம் அனைத்தும் அங்கே வந்து முட்டி நின்றது. அப்பால் செல்ல விரும்பியவர்கள் களப்புத் தண்ணீரில் இறங்கித்தான் செல்லவேண்டியிருந்தது. கைக்குழந்தையைத் தூக்கியவனால் சைக்கிளையும் தூக்க முடியாது, தாயைத் தோளில் சுமந்தவனாலும் முடியாது. ஆகவே மனிதர்கள் தண்ணீருக்குள் இறங்க, அவர்களையும் அவர்களுடைய அரிசி மூட்டைகளையும் காயப்பட்ட பிள்ளைகளையும் அதுவரை சுமந்துவந்த சைக்கிள்கள் கரையிலே நின்றுவிட்டன. பின்னர் யாரோ அவற்றை அள்ளிக் குவித்து முட்கம்பி வேலி அடைத்தார்கள். உப்புக்காற்று அடித்தது. உட்காரும் சீற்றுகள் இற்றுப்போயின. கம்பிகளுக்கு ஊடாக அடம்பன்கொடி படர்ந்து ஊதாப் பூப் பூத்தது. வழியால் போகிறவர்கள் அந்தக் குவியலில் தங்களுடையது எதுவென்று ஒரு கணம் தேடிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆண்டுகள் சென்றன. பழைய இரும்பு வாங்கும் முதலாளி ஒருவர் குவியலை ஏலத்தில் எடுத்துவிட்டாரென்றும், திங்கட்கிழமை லொறிகள் வருமென்றும் ஆத்திக்கண்டல் என்னும் ஊருக்குச் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள்கள் வீடு திரும்பின.

யாரும் அவற்றை ஓட்டவில்லை, யாரும் உருட்டவுமில்லை. தென்மேற்குக் கச்சான் காற்று முதுகில் அடிக்க, பிரதான வீதியின் இடப்பக்கமாக ஒழுங்காக வந்து, குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பும்போது வேகத்தைக் குறைத்து, மாடு குறுக்கே வந்தால் நின்று வழிவிட்டு, தத்தம் வேலிப் படலையை முன்சில்லால் மெல்லத் தள்ளித் திறந்து, முன்பு எங்கே சாத்தி வைக்கப்படுமோ அங்கேயே சாய்ந்துகொண்டன. பழைய வீடு ஷெல் விழுந்து அழிந்து, புதிய வீடு சற்றுத் தள்ளிக் கட்டப்பட்டிருந்த வளவுகளில், அவை பழைய சுவர் இருந்த இடத்திலே வெறுங்காற்றின்மேல் சாய்ந்து நின்றன, விழவில்லை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள், தங்கள் வீட்டின் பழைய சுவர் எவ்வழியே போனதென்பதை அன்றைக்குத்தான் கண்டார்கள். கண்டபின் அந்தச் சுவருக்கு ஊடாக நடப்பதை விட்டு, வாசல் இருந்த இடத்தால் சுற்றிப் போனார்கள்.

வலது காலைப் போரில் இழந்த பேரம்பலத்தார் ஊன்றுகோலோடு முற்றத்துக்கு வந்து, தம்முடைய சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

"வாரும் வாரும். உமக்கு ரெண்டு சில்லும் கிடக்குது. இஞ்சை எனக்குத்தான் ஒண்டு குறையுது."

"விடியக்காலமை பல்லைக் காட்டிக்கொண்டு நிக்காமல், எண்ணெய்ப் போத்திலை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றாள் அவருடைய மனைவி கனகாம்பிகை. "செயின் வறண்டுபோய் வந்து நிக்குது பாவம்."

திங்கட்கிழமை வந்த லொறிக்காரர் வெறுமையாய்க் கிடந்த வேலிக்குள் நின்று, பொருட்கள் எங்கே என்று கேட்டார். "அதுகள் வீட்டை போயிட்டுதுகள்" என்று ஊரார் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டி, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வெறும் லொறியைத் திருப்பிக்கொண்டு போனார். தமக்கும் வீடு இருக்கிறவர் அதற்குமேல் என்னத்தைக் கேட்பது?

உயிரோடிருப்பவர்களுடைய சைக்கிள்களை ஊர் இவ்வாறு சிரிப்போடு ஏற்றுக்கொண்டது. இறந்தவர்களுடைய சைக்கிள்கள் வந்த வீடுகளில் அன்று அடுப்பு எரியவில்லை. அயலார் சோறும் பருப்பும் சமைத்துக் கொண்டுவந்தார்கள். செத்தவீட்டுக்கு வருவதைப் போல ஊர் வந்து, முற்றத்தில் இருந்து, பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். பிள்ளையின் உடலைக் காணாதவர்கள், கணவனைக் கழுவிச் சந்தனம் பூசி வழியனுப்பக் கொடுத்துவைக்காதவர்கள், அன்று கிணற்றடியில் சைக்கிளை நிறுத்தி, ஓலைப்பட்டையால் தண்ணீர் அள்ளி வார்த்து, கம்பி கம்பியாகத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். கோயில் ஐயர் ஹாண்டிலில் திருநீறு பூசினார். வேதக்காரரான கிறிஸ்தவர்களின் வீடுகளில் சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் அவற்றைச் சும்மா நிறுத்திவைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. தகப்பனுடைய சைக்கிளில் மகள் பள்ளிக்கூடம் போனாள். அண்ணனுடையதில் தம்பி மீன்பெட்டி கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனான். போர் விட்டுச்சென்ற இரும்பை உருக்கவும் கூடாது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவும் கூடாது. அதற்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவேண்டும் என்பதை ஆத்திக்கண்டல் மக்கள் யாரும் போதிக்காமலே கற்றுக்கொண்டார்கள். நாமும் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் சில வீடுகளின் படலைகள் அந்த ஞாயிற்றுக்கிழமை திறக்கப்படவில்லை. அவை காணாமற்போனவர்களுடைய வீடுகள்.

கிழக்கு ஒழுங்கையில் எதிரெதிரே இருந்த இரண்டு வீடுகள் அவற்றில் சேரும். ஒன்றில் நாகபூசணி இருந்தாள். அவளுடைய மகன் துவாரகன். மற்றதில் திரேசம்மா இருந்தாள். அவளுடைய மகன் றெஜி. இரண்டு பெடியன்களும் ஒரே வகுப்பு, ஒரே சைக்கிள். கடைசி நாளில் களப்பைக் கடந்து அக்கரையில் ஏறியபோது, அங்கே நின்ற இராணுவத்தினர் இளந்தாரிகளைப் பெயர் பதிய வரும்படி கூப்பிட்டார்கள். "பதிஞ்சுபோட்டு வாறமம்மா" என்று சொல்லிவிட்டு இருவரும் வரிசையில் போய் நின்றார்கள். அந்த வரிசை போன இடத்தைப் பற்றித் தாய்மார் கேட்காத அலுவலகம் இல்லை. எந்த அலுவலகமும் மறுமொழி சொன்னதில்லை.

எல்லாச் சைக்கிள்களும் வந்துவிட, காணாமற்போனவர்களுடையவை மட்டும் வராதிருக்கவே, ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. "சைக்கிள் வரேல்லையெண்டால் என்ன அர்த்தம்? பெடியள் அதிலை ஓடித் திரியிறாங்கள்" என்று முதலில் யாரோ ஆறுதலுக்குச் சொன்னார்கள். ஒரு மாதத்துக்குள் அது ஊரின் சட்டமாகிவிட்டது. சைக்கிளைக் கரையில் விட்டுவிட்டுத்தான் பிள்ளைகள் தண்ணீருக்குள் இறங்கினார்கள் என்பது தாய்மாருக்குத் தெரியாததல்ல. "விட்டவங்களுக்குப் பிறகு போய் எடுக்கத் தெரியாதோ?" என்று அவர்கள் கேட்டார்கள், கேட்ட விதத்தைப் பார்த்தபின் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மற்ற வீட்டார் வந்துவிட்ட சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் வராத சைக்கிளைத் தங்கள் செல்வமாகப் போற்றினார்கள். பின்னேரங்களில் திரேசம்மாவின் படலையடியில் இருவரும் இருந்து பாக்குச் சீவுவார்கள்.

"உன்ரை மோன்தான் மிதிச்சுக்கொண்டு வருவான் திரேசா. என்ரையன் பின்கரியலிலை குந்திக்கொண்டு பாட்டுப் படிச்சுக்கொண்டு வருவான். பஞ்சி பிடிச்ச சோம்பேறி."

"இல்லையக்கா. றெஜி மிதிச்சிருந்தால் எப்பவோ வந்து சேர்ந்திருப்பாங்கள். மிதிக்கிறது உங்கடையன். அதுதான் உந்தச் சுணக்கம்."

இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நம்பியே அந்த ஒழுங்கை விடிந்தது.

மார்கழி மழை விட்ட ஒரு காலையில், கிழக்கு ஒழுங்கைக்குள் ஒரு சைக்கிள் நின்றது. நாகபூசணியின் படலைக்கும் திரேசம்மாவின் படலைக்கும் சரி நடுவே நின்றது. இரண்டில் ஒன்றையும் திறக்கவில்லை.

ஒரு பொருளைக் கண்டெடுத்தால் மனிதர் "என்னுடையது, என்னுடையது" என்று அடிபடுவதை நாம் கண்டிருக்கிறோம். "என்னுடையதல்ல" என்பதற்காக இரண்டு தாய்மார் அடிபட்டதை ஆத்திக்கண்டல் அன்று கண்டது. ஏனெனில் அந்தச் சைக்கிள் எந்தப் படலைக்குள் போகிறதோ, அந்த வீட்டுப் பிள்ளை இனி வரமாட்டான். ஊரின் சட்டம் அப்படித்தான் சொன்னது.

"உது எங்கடை இல்லை" என்றாள் நாகபூசணி. "துவாரகன்ரை சைக்கிளுக்கு மட்காட் பச்சை. உது என்ன நிறமெண்டே தெரியேல்லை."

"அப்ப எங்கடையெண்டோ சொல்லுறியள்? றெஜின்ரை ஹாண்டில் ஒரு பக்கம் வளைஞ்சது. உது நேராய்க் கிடக்குது, கண் தெரியேல்லையோ?"

"எனக்குக் கண் தெரியும். எட்டி நிண்டு பார்க்கிற உனக்குத்தான் தெரியேல்லை."

மறுநாள் காலையில் சைக்கிள் திரேசம்மாவின் படலைப் பக்கம் ஒரு முழம் நகர்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் நாகபூசணியின் பக்கம் இரண்டு முழம் நகர்ந்திருந்தது. அது தானாக நகரவில்லை என்பது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். ஈர மணலில் இரண்டு தாய்மாருடைய கால்தடங்களும் கிடந்தன. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. போரிலும் இடப்பெயர்விலும் ஒரு பானையில் சமைத்து ஒரு தறப்பாள் கூடாரத்தின் கீழ் படுத்த அந்த இருவரும் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். திரேசம்மாவுக்கு உப்பு முடிந்தால், எதிர்வீட்டைத் தாண்டிப் போய்ப் பேரம்பலத்தார் வீட்டில் வாங்கினாள். அந்த வீட்டு உப்பு நாகபூசணி கொடுத்த உப்பு என்பது அவளுக்குத் தெரியும். பின்னேரங்களில் ஒழுங்கையில் சிரிப்புச் சத்தம் இல்லை. கடைசியில் இருவரும் தத்தம் படலைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். பிள்ளை வந்தால் திறக்கவேண்டிய படலை, சைக்கிள் வந்துவிடுமோ என்ற பயத்தில் கட்டப்பட்டது.

அப்போதுதான் கிராம அலுவலரான விதானையார் வந்தார். அவர் கல்நெஞ்சர் அல்லர். தம்பியாருடைய சைக்கிளைக் கிணற்றடியில் தம் கையால் குளிப்பாட்டியவர். அந்த அழுகை தமக்குத் தந்த ஆறுதலை இவர்களுக்கும் கொடுக்கவேண்டுமென்றே வந்தார். நல்ல மனத்தோடு செய்யப்படும் கொடுமைகள் உலகத்தில் எத்தனையோ உண்டு.

"அம்மா, இனியும் எத்தினை காலத்துக்கு? சைக்கிள் வந்திட்டுது. மரணச் சான்றிதழுக்கு ஒப்பத்தை வைச்சு விடுங்கோ. ஒரு பூசை புனஸ்காரம் செய்து, மனசை ஆத்திக்கொண்டு மிச்சக் காலத்தைப் பாக்கலாம்."

"ஆரின்ரை சைக்கிள் எண்டு சொல்லுங்கோ விதானையார்" என்றாள் திரேசம்மா. "பிறகு ஒப்பத்தைப் பாப்பம்."

"ஓம், அதை முதல் சொல்லுங்கோ" என்றாள் நாகபூசணி. பல நாட்களுக்குப் பிறகு இருவரும் ஒரே பக்கம் நின்று பேசியது அதுதான்.

ஆகவே சனிக்கிழமை காலை, ஊர் அந்த ஒழுங்கையில் கூடியது. சைக்கிளை நடுவில் நிறுத்தி, ஒரு மண்ணெண்ணெய்த் துணியால் விதானையாரே துருவைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு நிறத்தில் வெளிப்பட்டது. பேரம்பலத்தார் ஊன்றுகோலை நீட்டினார்.

"உந்தச் செயின் என்ரையெல்லோ! பொருளாதாரத் தடையாலை ஒரு சாமானும் வராத நேரம், பெடியள் ரெண்டு பேரும் வந்து நிண்டு, 'மாமா, உங்கடை பழைய செயினைத் தாங்கோ, பரீட்சைக்குப் போகவேணும்' எண்டாங்கள். குடுத்தனான்."

"டைனமோ எங்கடை" என்றார் இராசமலர் ரீச்சர். "கரண்ட் இல்லாத காலம். என்ரை முற்றத்திலை சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு, துவாரகன் பெடலைச் சுத்துவான். அந்த வெளிச்சக் கம்பியை ரேடியோவிலை கொழுவி நாங்கள் செய்தி கேப்பம். கை உளைஞ்சால் றெஜி சுத்துவான். நல்ல செய்தியெண்டால் ரெண்டு பேரும் போட்டிக்குச் சுத்துவாங்கள். ரேடியோக்காரன் கத்துவான்."

ஊர் சிரித்தது. சிரித்தபடியே நெருங்கி வந்தது. பின்சில்லு நாகபூசணியின் கணவர் விட்டுச்சென்றது. அதை அவளே குனிந்து தொட்டுச் சொன்னாள். முன்சில்லு திரேசம்மாவின் தமையன் கடலுக்குப் போன காலத்துச் சில்லு, அவளும் மறைக்கவில்லை. மட்காட் பச்சையாகத்தான் இருந்தது. ஹாண்டில் வளைந்துதான் இருந்திருக்கிறது. யாரோ தட்டி நிமிர்த்திய தழும்பு அதிலே தெரிந்தது. நடுப் பார் கூட்டுறவுச் சங்கக்கடைச் சைக்கிளினுடையது. பெல் கோயில் வீதிக் கடைக்காரருடையது. ரயரே இல்லாத காலத்தில் சில்லைச் சுற்றிக் கட்டிய கயிற்றின் தும்புகூட ஒரு கம்பியிடுக்கில் கிடந்தது. அந்தக் கயிற்றைத் திரித்தவள் தானென்று கனகாம்பிகை சொன்னாள். ஒவ்வொருவரும் தம்முடைய இரும்பைத் தொட்டுச் சொல்லிவிட்டு, கையை எடுக்காமலே நின்றார்கள். கைவைக்க இடமில்லாதவர்கள், கைவைத்திருந்தவர்களுடைய தோளில் கைவைத்தார்கள்.

விதானையார் மண்ணெண்ணெய்த் துணியை மடித்துக் கையில் பிடித்தார்.

"அப்ப இது ஊரின்ரை சைக்கிள்" என்றார் கடைசியில்.

"ஓம்" என்றது ஊர்.

"அப்பிடியெண்டால் ஒப்பம் வைக்கவேண்டியதும் ஊர்தான்."

இரண்டு தாய்மாரிடம் கேட்டபோது இலேசாயிருந்த ஒன்று, எல்லோரிடமும் கேட்டபோது என்ன பாரமாயிருந்தது! 'மனசை ஆற்றிக்கொள்' என்று அவர்களிடம் வாய் கூசாமல் சொல்லி வந்தவர்கள், தங்கள் கைச் செயினும் தங்கள் கைக் கயிறும் செத்துப்போயிற்று என்று தாங்களே எழுதிக் கொடுக்கவேண்டுமென்றதும் பின்வாங்கினார்கள். பிறருடைய காத்திருப்பை முடித்துவைக்க விரைகிறவர்களே, அந்தக் காத்திருப்பில் உங்களுடைய ஓர் ஆணியாவது இருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள். இருக்கும். அதைத் தொட்டபின் பேசுங்கள்.

"நான் வைக்கமாட்டன்" என்றார் பேரம்பலத்தார். "என்ரை செயின் நல்லாய்த்தான் கிடக்குது."

"நானும் வைக்கமாட்டன்" என்றார் விதானையார். அவரைப் பார்க்க எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்தது.

"அதுசரி, அப்ப இது என்னத்துக்கு வந்தது?" என்று ரீச்சர் கேட்டார்.

கனகாம்பிகை இடுப்பில் கைவைத்துச் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "எனக்கெண்டால் இது வந்து நிக்கிற சைக்கிள் மாதிரித் தெரியேல்லை. வந்ததுகள் எல்லாம் படலையைத் திறந்து உள்ளுக்கை போய்ச் சாய்ஞ்சதுகள். இது ஸ்ராண்டிலை நிமிர்ந்து நிக்குது. முகமும் வீதிப் பக்கம். கோயிலுக்கு வெளிக்கிட்டு, பெண்சாதி சீலை கட்டி முடியுமட்டும் படலையடியிலை பொறுமையாய் நிக்கிற மனுசனைப் போல நிக்குது."

"நான் ஒருநாளும் பொறுமையாய் நிக்கேல்லை" என்றார் பேரம்பலத்தார்.

"உங்களை ஆர் சொன்னது? நல்ல மனுசனைச் சொன்னனான்."

நாகபூசணி சைக்கிளைப் பார்த்தாள், வீதியைப் பார்த்தாள். பிறகு தன் படலைக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வேலியில் போட்டாள்.

"திரேசா."

"என்னக்கா."

"போய் நல்ல சீலையாய்ப் பாத்து உடுத்திக்கொண்டு வா."

"எங்கையக்கா போறம்?"

"பெடியளைக் கேக்கப்போறம். இவ்வளவு நாளும் தனித்தனியாய்ப் போய்க் கேட்டம். ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலையும் 'அது உங்கடை மோன்ரை தனி விசயம்' எண்டு சொல்லி இருத்திவைச்சாங்கள். இந்தமுறை சைக்கிளையும் கூட்டிக்கொண்டு போவம். ஆரின்ரை மோன் எண்டு கேட்டால் இதைக் காட்டுவம். எவன் பிரிச்சுச் சொல்லுறான் எண்டு பாப்பம்."

திரேசம்மாவின் முகம் அழுவதைப்போலச் சுருங்கி, அழாமல் நிமிர்ந்தது. "மறுமொழி தராட்டில்?"

"தராட்டில் அதின்ரை பெல்லை அடிப்பம். தருமட்டும் அடிப்பம்."

அவர்கள் சீலை மாற்றிவர நேரமெடுத்தது. சைக்கிள் நின்றது. ஊரும் நின்றது. வந்ததும் ஹாண்டிலின் ஒரு பக்கத்தை நாகபூசணி பிடித்தாள், மறுபக்கத்தைத் திரேசம்மா பிடித்தாள். ஸ்ராண்ட் தானாக உயர்ந்தது. அவர்கள் தள்ளவில்லை, அது இழுக்கவில்லை, மூவரும் நடந்தார்கள். நாகபூசணிக்கு முழங்கால் வருத்தம், திரேசம்மாவுக்கு இளைப்பு. அந்தச் சைக்கிள் இரண்டுக்கும் ஏற்றபடி உருண்டது.

அப்பொழுது ஊரார் ஓடிப்போய்த் தங்கள் தங்கள் முற்றங்களில் சாய்ந்திருந்தவற்றை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். தகப்பனுடையதில் மகள் வந்தாள், அண்ணனுடையதில் தம்பி வந்தான், தம்பியுடையதில் விதானையார் வந்தார். கனகாம்பிகை மிதிக்க, பேரம்பலத்தார் கரியலில் ஏறியிருந்து, "எடியே, விழுத்திப்போடாதை, மிச்சம் ஒரு கால்தான் கிடக்கு" என்று கத்திக்கொண்டு வந்தார். வேகமாக ஓடுவது எல்லோருக்கும் கைவந்த கலை. ஷெல்லுக்கு முன்னால் ஓடிப் பழகியவர்கள். இரண்டு வயதான பெண்களின் நடைக்குச் சைக்கிள் ஓட்டுவது ஒருவருக்கும் தெரியவில்லை. தடுமாறினார்கள், ஒருவரோடொருவர் மோதினார்கள், பள்ளத்துக்குள் விழுந்து, சிரித்து, மண்ணைத் தட்டிக்கொண்டு மீண்டும் ஏறினார்கள். முந்துவதற்காக யாரும் பெல் அடிக்கவில்லை. ஒழுங்கை முடிவதற்குள், ஒரு பாதத்தை நிலத்தில் தொட்டும் தொடாமலும் வைத்து, ஹாண்டிலை இடமும் வலமும் மெல்ல ஆட்டி, விழாமல் மெதுவாகப் போகும் விதத்தை ஊர் கற்றுக்கொண்டது.

பிரதான வீதியில் அவர்கள் ஏறியபோது, நகரத்துக்குப் போகும் பஸ் ஒன்று பின்னால் வந்து ஹோர்ன் அடித்தது. மீண்டும் அடித்தது. யாரும் விலகவில்லை, யாரும் விரையவுமில்லை. சாரதி தலையை வெளியே நீட்டி முன்னால் நடந்துகொண்டிருந்தவர்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு கியரைக் குறைத்து, அவர்களுடைய நடைக்குப் பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார்.